மொட்டைக் கடிதமும் பூட்டிய பெட்டியும்

எழுதியவர் பெயர் இல்லாத கடிதத்தை நம் ஊர்களில் ‘மொட்டைக் கடிதம்’ என்பார்கள். மேலே முகவரி இராது. கீழே கையெழுத்து இராது. ‘மொட்டைக் கடுதாசி’ என்ற சொல்லைக் கேட்டாலே நம் பாட்டிமார் முகம் சுளிப்பர். நிச்சயித்த திருமணம் நின்று போனதும், நல்ல குடும்பங்கள் பேச்சு வார்த்தை இன்றிப் பிரிந்ததும் இத்தகைய கடிதங்களால் என்று அவர்கள் கதை கதையாகச் சொல்வர். ஆனால் பெயரில்லாமல் எழுதப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் எழுத்தைக் குப்பையில் எறியலாமா? அல்லது வந்ததெல்லாம் உண்மை என்று ஊரறிய வாசிக்கலாமா? இவ்விரண்டில் எது சரி என்பதே இக்கட்டுரையில் நாங்கள் ஆராய விரும்பும் பொருள்.

இந்தக் கேள்வி எங்களுக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. சென்ற ஜூன் மாதம் நம் பள்ளி நூலகத்தின் அருகே ஒரு மரப்பெட்டி மாட்டப்பட்டது. ‘சொல்ல நினைப்பதைச் சீட்டில் எழுதிப் போடுங்கள், பெயர் எழுதுவது உங்கள் விருப்பம்’ என்று அதன்மேல் எழுதியிருந்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற பெயரில் இத்தகைய பெட்டி இருப்பதை நம்மில் பலர் அறிவோம். முதல் மாதம் நல்ல சீட்டுகள் வந்தன. குடிநீர்க் குழாயில் பாசி, கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாமை, மழை நாளில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் தேங்கும் நீர் ஆகியவை தெரிய வந்தன, ஒவ்வொன்றாகச் சரியாயின. பின்னர் வேறு வகைச் சீட்டுகளும் விழத் தொடங்கின. ஒருத்தியின் நிறம், மற்றொருத்தியின் வீட்டு நிலைமை, வேறொருத்தி யாரோடு பேசினாள் என்ற ஆராய்ச்சி! பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் சிலர், “இந்தப் பெட்டியே வேண்டாம், கழற்றி விடுங்கள்” என்றனர். முடிவு வரும் கல்வியாண்டுக்குத் தள்ளி வைக்கப்பட்டுள்ளது. நாங்கள் பொதுத்தேர்வு எழுதிவிட்டு விடைபெறப் போகிறவர்கள். பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்களுக்கு இனி லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. ஆகவே எங்கள் தங்கையருக்காக எங்கள் கருத்தைக் கூற விழைகிறோம்.

முதலில், பெயரை மறைப்பது எல்லாம் கோழைத்தனம் என்ற எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். நாங்கள் எழுதவிருக்கும் பொதுத்தேர்வையே பாருங்கள். விடைத்தாளின் முகப்புத் தாளைப் பிரித்தெடுத்த பின்னரே அது திருத்துபவரிடம் செல்கிறது. எழுதியவள் யார் மகள், எந்தப் பள்ளி, எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது. பெயர் மறைந்திருப்பதால்தான் எழுத்துக்கு நீதி கிடைக்கிறது. தேர்தலும் அப்படியே. மறைவாக வாக்குச் சீட்டு அளிக்கும் முறை 1856ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் சட்டமாயிற்று; இங்கிலாந்தில் 1872இல் வந்தது; நம் நாட்டில் 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலே இம்முறையில்தான் நடந்தது. பண்ணையாரின் கண்முன் கூலியாள் கை தூக்கி வாக்களிக்க வேண்டுமென்றால் அது எத்தகைய தேர்தலாக இருந்திருக்கும்!

இலக்கியத்தைப் பாருங்கள். ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் முதல் நாவல் 1811இல் ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்ற குறிப்போடு மட்டுமே வெளிவந்தது. சார்லட் பிராண்டி 1847இல் ‘ஜேன் அயர்’ நாவலைக் ‘கரர் பெல்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். பெண் எழுதியது என்று தெரிந்தால் எழுத்தை எடைபோடுவதற்கு முன்னரே எழுதியவளை எடைபோட்டு விடுவார்கள் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. நம் சங்கப் புலவருள் சிலருக்கோ இயற்பெயரே நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் பாட்டில் வந்த அழகிய தொடராலேயே செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும் பெயர் சூட்டி வைத்தனர் நம் முன்னோர். பெயர் மறைந்தாலும் எழுத்து நின்றது. ஆகவே, பெயரில்லை என்பதே ஓர் எழுத்தின் குற்றமாகாது.

அப்படியானால் மொட்டைக் கடிதத்தின் குற்றம் எது? எழுதியவர் மறைந்து நின்றுகொண்டு, எழுதப்பட்டவரை மட்டும் வெளிச்சத்தில் நிறுத்துவதே அதன் குற்றம். விடைத்தாளில் மறைந்திருப்பவள் தன்னைப் பற்றிய தீர்ப்பையே எதிர்நோக்குகிறாள். வாக்களிப்பவர் தன் விருப்பத்தை மட்டுமே தெரிவிக்கிறார். மொட்டைக் கடிதம் எழுதுபவரோ பிறரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். தாம் சாட்சிக் கூண்டில் ஏற மறுக்கிறார். திருவள்ளுவர் புறங்கூறாமைக்கு என்று தனி அதிகாரமே வகுத்துப் பத்துக் குறள்கள் தந்ததை நாம் அறிவோம். புறங்கூறுபவராவது எதிரே நிற்பவருக்குத் தம் முகத்தைக் காட்டுகிறார். மொட்டைக் கடிதம் அதையும் காட்டுவதில்லை.

இந்த வேறுபாட்டைப் பழங்காலத்தவரும் உணர்ந்திருந்தனர். கி.பி. 112ஆம் ஆண்டையொட்டி, பித்தினியா என்ற ரோமானிய மாநிலத்தை (இன்றைய துருக்கியின் வட பகுதியை) ஆண்ட பிளினி என்ற ஆளுநருக்குக் கையெழுத்தில்லாத பட்டியல் ஒன்று வந்தது. அதில் கிறிஸ்தவர்கள் என்று பலருடைய பெயர்கள் இருந்தன. என்ன செய்வது என்று அவர் மன்னர் டிராஜனுக்கு எழுதினார். கிறிஸ்தவர்களுக்குத் தண்டனை விதித்த அரசரே டிராஜன். அவர் நம்மவர்க்கு நண்பரல்லர். ஆயினும், கையெழுத்தில்லாத குற்றச்சாட்டுக்கு எந்த வழக்கிலும் இடம் தரலாகாது, அது மிகத் தீய முன்மாதிரியாகிவிடும் என்று அவர் பதில் எழுதினார். வெனிஸ் நகரிலோ நிலைமை வேறாக இருந்தது. அங்குள்ள தோஜே அரண்மனைச் சுவரில் முகம் போன்று செதுக்கிய கற்களும், அவற்றின் திறந்த வாய்களும் இன்றும் உள்ளன. ‘சிங்க வாய்’ எனப்படும் அவற்றுள் குடிமக்கள் பிறர்மீது புகார் எழுதிப் போடுவர். அயலார்மேல் உள்ள பகையெல்லாம் புகாராக விழக்கூடும் என்பதால், கையெழுத்தில்லாப் புகார்களை ஏற்பதற்கு அந்த அரசே கட்டுப்பாடுகள் விதிக்க நேர்ந்தது. எனவே பெட்டி என்று ஒன்று வைத்தால், அதைத் திறப்பவருக்கு நெறி என்றும் ஒன்று வேண்டும் என்பது கண்கூடு.

“அப்படியானால் எல்லாரும் பெயர் போட்டே எழுதட்டுமே” என்று சிலர் கூறலாம். கேட்பதற்கு இது நேர்மையாகத் தோன்றும். ஆனால் பெயர் போட்டவரைக் காக்கத் தெரியாத இடத்தில் பெயர் கேட்பது நேர்மையாகுமா? சத்யேந்திர துபே என்ற இளம் பொறியாளரை நினைத்துப் பார்ப்போம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அவர், தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002ஆம் ஆண்டில் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தம் பெயரை எழுதினார்; அதை இரகசியமாக வைக்குமாறு வேண்டினார். ஆனால் கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சென்றது. 2003 நவம்பர் 27 அன்று கயா நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காரர் செய்த கொலை என்று மத்தியப் புலனாய்வுத் துறை முடிவு கூறியது. எப்படியாயினும், நம்பிக் கொடுத்த பெயர் காக்கப்படவில்லை என்ற வேதனை நாட்டை உலுக்கியது. அதன் பின்னரே 2004இல் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டு வந்தது. அதன்படி முறைகேட்டைப் பற்றி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம். பெயரில்லாக் கடிதத்தை ஆணையம் ஏற்காது. ஆனால் எழுதியவர் பெயரை இரகசியமாகக் காக்கும். ‘பெயரைக் கொடு, நான் காக்கிறேன்’ என்பதே அதன் சாரம்.

பத்திரிகைகளும் இவ்வழியைக் கையாள்கின்றன. ‘ஆசிரியருக்குக் கடிதம்’ பகுதிக்கு எழுதுவோர் முழுப் பெயரும் முகவரியும் தர வேண்டும். வேண்டினால் பெயரை வெளியிடாமல் விடுவர். எழுதியவர் யாரென்று ஒருவருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. ஒருவருக்குத் தெரிவதால் எழுதுகிறவருக்குப் பொறுப்பு வருகிறது. ஊருக்குத் தெரியாததால் அவருக்குத் துணிவு வருகிறது. இது பெரியவர்களுக்கு மிக நல்ல வழி. நம் பெட்டிக்கும் இதுவே முதல் வழியாக இருக்கட்டும் என்போம்.

ஆனால் இதுவே ஒரே வழியாகிவிடக் கூடாது. ஏனெனில் எங்களைப் போன்ற சிறுமியர்க்கு அந்த ஒருவரிடம் பெயரைச் சொல்லவும் சில வேளைகளில் நா எழாது. இந்த ஆண்டு நம் பெட்டியில் பெயரின்றி ஒரு சீட்டு விழுந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த அரைத் தாள். ஆறாம் வகுப்புக் கையெழுத்து. ஒரு வாடகை வண்டியில் வரும் பிள்ளை எழுதியிருந்தாள்: ‘டிரைவர் என்னை மட்டும் முன் சீட்டில் உட்காரச் சொல்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை.’ இவ்வளவுதான் செய்தி. சிஸ்டர் அவர்கள் அன்று மாலையே வாயிலில் நின்று ஒவ்வொரு வண்டியையும் பார்த்தார்கள். பெற்றோரை அழைத்துப் பேசினார்கள். அந்த வண்டி மறுநாள் முதல் வரவில்லை. இப்போது எல்லா வண்டியிலும் பெண் உதவியாளர் ஒருவர் வருகிறார். எங்கள் எல்லாருக்கும் சிஸ்டர் பொதுவாகச் சொன்னது இவ்வளவே. எழுதியவள் யாரென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. ‘பெயர் இல்லை, கிழித்துப் போடு’ என்பது சட்டமாக இருந்திருந்தால் அந்தத் தங்கை இன்னும் முன் இருக்கையில்தான் அமர்ந்திருப்பாள்.

பெட்டியைக் கழற்றச் சொல்லும் பெற்றோரை நாங்கள் பணிவோடு கேட்பது இதைத்தான்: மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

அதே வேளையில், மூட்டைப்பூச்சி இல்லை என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம். வேறொரு பள்ளியில் நடந்ததை எங்கள் தோழியின் உறவுப் பெண் கூறினாள். அங்கே பெட்டியில் விழுந்த சீட்டுகளை எல்லாம் வகுப்பில் உரக்க வாசிப்பது வழக்கமாம். ஒரு மாணவியின் தந்தை குடித்துவிட்டுத் தெருவில் கிடந்ததாக ஒரு சீட்டு வந்தது. பெயரை விட்டுவிட்டுத்தான் வாசித்தார்கள். ஆனால் தெருவின் பெயர் இருந்தது. அத்தெருவிலிருந்து அந்த வகுப்புக்கு வருபவள் ஒருத்திதான். நாற்பது பேர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பின் அந்தப் பெண் மதிய உணவைத் தனியாக, கைகழுவும் இடத்தின் பின்னால் நின்று உண்டாளாம். அதை எழுதியவளைவிட வாசித்த குரலே அவளை அதிகம் புண்படுத்தியது என்று எண்ணுகிறோம். எழுதியது ஒருத்தி அறிந்த தீங்கு. வாசித்தது ஊரறிந்த தீங்கு. ஒரு சீட்டை வெளியே சொல்பவர், அதைத் தாமே எழுதியது போன்ற பொறுப்பை ஏற்கிறார்.

ஆகவே, நம் பெட்டி நீடிக்க வேண்டும். ஆனால் நெறியோடு நீடிக்க வேண்டும். நன்னூலில் மாணாக்கர் வகைகளைச் சொல்லும்போது நெய்யரியை உவமை காட்டுவர். நெய்யரி நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டு அழுக்கைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். முறமோ பதரைத் தள்ளி மணியை நிறுத்திக்கொள்ளும். பெட்டியைத் திறப்பவர் நெய்யரியாகாமல் முறமாக இருப்பதற்கு நாங்கள் சில யோசனைகளைச் சமர்ப்பிக்கிறோம்.

முதலாவது, பெட்டிக்கு இரண்டு பூட்டு வேண்டும். இரு சாவியும் இருவரிடம் இருக்க வேண்டும். மாணவியர் எவரும் சீட்டுகளைப் பார்க்கலாகாது. வகுப்புத் தலைவியும், பத்தாம் வகுப்பினராகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல. எங்களுக்குத் தோழியரின் கையெழுத்தெல்லாம் மனப்பாடம். நல்ல எண்ணம் உடையவளாயினும் கண்டதை மறக்க இயலாது.

இரண்டாவது, சீட்டுகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும். பொருளைப் பற்றியதும் நடைமுறையைப் பற்றியதும் ஒரு வகை: குழாய், நேரம், உணவு, வீட்டுப்பாடம். இவற்றைப் பதிலோடு அறிவிப்புப் பலகையில் வெளியிடலாம். ஒருவர் செய்த தவற்றைப் பற்றியது இரண்டாம் வகை. இதைப் பலகையில் இடக்கூடாது. தலைமை ஆசிரியை மட்டும் விசாரிக்க வேண்டும். சீட்டை விசாரணையின் தொடக்கமாகக் கொள்ளலாம்; சாட்சியாகக் கொள்ளலாகாது. சீட்டை மட்டும் நம்பி எவரையும் தண்டிக்கக் கூடாது. ஒருத்தியின் நிறம், சாதி, குடும்பம், உடல், வறுமை ஆகியவற்றைப் பற்றியது மூன்றாம் வகை. இதைக் கிழித்துவிட வேண்டும். ‘உன்னைப் பற்றி ஒரு சீட்டு வந்தது’ என்று சம்பந்தப்பட்டவளிடமும் சொல்லலாகாது. சொன்னால், எழுதியவளின் வேலையைச் செய்து முடித்தவர் ஆவோம்.

மூன்றாவது, ஆபத்தைக் காட்டும் சீட்டுக்கு மறுநாள் என்பதே கூடாது. ஆகவே பெட்டியை நாள்தோறும் திறக்க வேண்டும். குழந்தைக்கு இழைக்கப்பட்ட பாலியல் தீங்கை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம் கூறுகிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், தமிழகக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணையும் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

நான்காவது, எழுதியவளைத் தேடிக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. மிரட்டல் சீட்டு மட்டும் இதற்கு விலக்கு. பெயரை மறைத்து மிரட்டுவோர்க்கு, மிரட்டலுக்குரிய தண்டனையோடு மேலும் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்று, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 351ஆம் பிரிவு கூறுகிறது.

ஐந்தாவதே எங்கள் உள்ளத்துக்கு மிக நெருக்கமானது. சலிப்பவரையும் யாரேனும் சலிக்க வேண்டுமன்றோ! ஓர் ஆசிரியையைப் பற்றிய சீட்டை அதே ஆசிரியை பிரிக்கலாகாது. மாதந்தோறும், ‘இத்தனை சீட்டுகள் வந்தன, இத்தனைக்குப் பதில் தரப்பட்டது, இத்தனை கிழிக்கப்பட்டன’ என்று எண்ணிக்கையை மட்டும் பலகையில் எழுத வேண்டும். தீயதைக் கிழிக்கும் கை, தனக்குப் பிடிக்காததையும் கிழித்துவிடக் கூடும். அந்தச் சந்தேகம் எழுந்தால் பெட்டி இருந்தும் பயனில்லை. எவரும் எதுவும் போடமாட்டார்கள்.

“சீட்டைக் கிழிப்பது கருத்துரிமையைக் கிழிப்பதாகாதா?” என்று எங்கள் வகுப்பிலேயே சிலர் வாதிட்டனர். நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. அதே பிரிவு அவதூறு முதலிய சிலவற்றுக்கு நியாயமான வரம்பு விதிக்கவும் இடமளிக்கிறது என்று குடிமையியலில் படித்திருக்கிறோம். உரிமை என்பது நம் கை வீசும் தூரம். அது அடுத்தவள் கன்னத்தின் அருகே வந்து நிற்க வேண்டும். “இந்தப் பாடத்திட்டம் சுமையாக இருக்கிறது” என்ற சீட்டைக் கிழித்தால் அது அநீதி. “இன்னாள் கறுப்பு” என்ற சீட்டைக் கிழித்தால் எந்தக் கருத்தும் சாகவில்லை. ஏனெனில் அதில் கருத்து என்று ஒன்றும் இருக்கவில்லை.

அன்புத் தங்கையரே! பெட்டியின் முன் நிற்கும்போது உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ‘நான் பெயரை மறைப்பது எனக்கு வரும் தீங்குக்கு அஞ்சியா? அல்லது நான் செய்யும் தீங்கை மறைக்கவா?’ முதலாவதாயின் தயங்காமல் போடுங்கள். அந்தச் சீட்டு ஒரு தோழியைக் காக்கலாம். இரண்டாவதாயின் அதை உங்கள் கையாலேயே கிழித்துவிடுங்கள். அப்போது திறப்பவருக்கு வேலை குறையும்.

மதிப்பிற்குரிய பெற்றோர்க்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. பேசத் தெரிந்தவள் எப்படியும் பேசிவிடுவாள். பேச அஞ்சுகிறவளுக்கு அந்த மரப்பெட்டியின் சிறு துவாரம்தான் வாய். வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது நூலகத்தின் அருகே அது இருக்கட்டும். புதிதாக இன்னொரு பூட்டும் அதில் தொங்கட்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி